இரண்டு அழைப்புகள், ஒரே பிள்ளை

கேரள எல்லை மலைகள் உலகெங்கும் துறவிகளை அனுப்பின. அனுப்பிய பெற்றோர் இன்று முதுமையில். வீட்டிலோ ஆள் இல்லை.

வாளையாறைத் தாண்டினால் பாலக்காடு. குமுளியைத் தாண்டினால் இடுக்கி. இந்த இரு வாசல்களுக்கு அப்பால் உள்ள மலையோரக் கிராமங்களிலிருந்து மிளகும் ஏலக்காயும் மட்டும் வெளியே போகவில்லை. பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் போனார்கள். வட இந்தியப் பள்ளிகள், ஆப்பிரிக்க மருத்துவமனைகள், ஜெர்மனியின் முதியோர் இல்லங்கள் என்று எங்கும் அவர்களைப் பார்க்கலாம். ஊராருடைய பெற்றோருக்கு மருந்து கொடுக்கும் அந்தக் கைகளுக்குச் சொந்தமான வீட்டில், அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. 1940களின் உணவுத் தட்டுப்பாட்டில் திருவிதாங்கூர் அரசு காட்டு நிலங்களை விவசாயத்துக்குத் திறந்துவிட்டபோது, மத்திய திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் இடுக்கி மலைகளில் ஏறின. இன்னொரு கூட்டம் வடக்கே மலபாருக்குப் போய்ப் பாலக்காட்டின் மலையடிவாரங்களில் குடியேறியது. பின்னால் கத்தோலிக்கத் திருச்சபை 1974இல் பாலக்காட்டிலும் 2003இல் இடுக்கியிலும் தனி மறைமாவட்டம் அமைக்கும் அளவுக்கு அந்தக் குடியேற்றம் பெருகியது. குடும்பத்துக்கு எட்டுப் பிள்ளைகள், பத்துப் பிள்ளைகள். அதில் ஒன்று மடத்துக்குப் போனால் பெருமை. மிச்சமுள்ளவர்கள் வீட்டையும் வயலையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்வார்கள்.

பெருமையில் நெருடல்களும் உண்டு. 1960களில் ஆள் பற்றாக்குறையில் தவித்த ஐரோப்பிய மடங்களும் மருத்துவமனைகளும் கேரளப் பெண்களை வரவழைத்தன. இது துறவறமா, ஆள் சேர்ப்பா என்று 1970இல் லண்டன் பத்திரிகை ஒன்று கேள்வி எழுப்ப, விவகாரம் வத்திக்கான் வரை போனது. ஆனால் அன்றுகூட யாரும் அந்தப் பெண்களின் பெற்றோரைப் பற்றிக் கவலைப்படவில்லை. வீட்டில்தான் ஆள் இருந்தார்களே!

இப்போது கணக்கு மாறிவிட்டது. 1980களின் இறுதியிலேயே கேரளத்தில் ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு பிள்ளைகள் என்றாகிவிட்டது. 2021ஆம் ஆண்டுக்கான அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி, அறுபது வயதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் 10.1 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6, கேரளத்தில் 16.5. ஒரு பிள்ளை துறவி, இன்னொன்று கனடாவிலோ வளைகுடாவிலோ என்றால், வீட்டில் மிஞ்சுவது இரண்டு கிழவர்களும் ஒரு தொலைபேசியும்தான். நிலைமை திருச்சபைக்கும் புரிகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெறும் குடும்பங்களுக்கு உதவித்தொகை தருவதாக 2021இல் பாலா மறைமாவட்டம் அறிவித்துச் சர்ச்சையில் மாட்டிக்கொண்டது.

மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் இன்னும் கூர்மையானது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால் அங்கேயே ஒண்டிக்கொள்ளலாம். பல தலைமுறையாக மலையில் இருந்தவர்களுக்குத் திருநெல்வேலியிலோ தேனியிலோ சொந்த ஊர் என்பது பெயரளவில்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரே பிள்ளை துறவு பூண்டால், பெற்றோர் இழப்பது துணையை மட்டுமல்ல, கூரையையும்தான்.

பணம் அனுப்பலாமே என்றால் அதற்கும் வழியில்லை. மறைமாவட்டப் பாதிரியார்கள் வறுமை வாக்குறுதி எடுப்பதில்லை. தங்கள் ஊதியத்தில் பெற்றோருக்கு உதவலாம். சபைகளைச் சேர்ந்த துறவிகள் நிலை வேறு. ஆசிரியையாகவோ நர்சாகவோ சம்பாதித்தாலும் சம்பளம் மடத்துக்குப் போய்விடும். பணம் தங்கள் கைக்கு வருவதே இல்லை, ஆகவே வருமான வரி பிடிக்கக் கூடாது என்று துறவிகள் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஆக, சம்பளத்தில் அரசுக்குப் பங்கு உண்டு, சபைக்குப் பங்கு உண்டு. பெற்றோருக்கு மட்டும் சபை மனம் வைத்தால்தான்.

திருச்சபைச் சட்டம் இந்தப் பிரச்னையை அறியாததல்ல. கடும் தேவையில் இருக்கும் தாய் தந்தையர், தாத்தா பாட்டிக்கு உதவக் கடமைப்பட்ட பிள்ளைகளை மடத்தில் சேர்ப்பது முறையல்ல என்று 1917ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே விதி இருந்தது. சிரியன் கத்தோலிக்கர்களுக்குப் பொருந்தும் 1990ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அது உண்டு, மடமே வேறு ஏற்பாடு செய்தாலொழிய என்ற விலக்குடன். ஆனால் இந்தக் கேள்வி வாசலில்தான் கேட்கப்படுகிறது. இருபது வயதில் பெண் உள்ளே நுழையும்போது அப்பாவுக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது. அவர் படுக்கையில் விழும்போது அவள் தான்சானியாவில் இருப்பாள். மேலதிகாரி அனுமதித்தால் வந்து தங்கலாம். ஓராண்டைத் தாண்டினால் இன்னும் மேலே போக வேண்டும். முதுமை ஓராண்டில் முடிகிற வியாதியா?

கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் சேர வேண்டியதை மறுத்தவர்களை இயேசு கண்டித்ததாக மாற்கு நற்செய்தியில் உண்டு. அது எல்லாத் துறவிகளுக்கும் தெரியும். உறுத்துவதும் அதனால்தான்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்டவர்கள் தீர்ப்பாயத்தில் மனு செய்து மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். துறவிகளுக்கு அதில் தனி விலக்கு இல்லை. ஆனால் கடவுளுக்குக் கொடுத்த மகள் மீது எந்தத் தாய் மனு எழுதுவாள்?

தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. ஆப்கானிஸ்தானில் அகதிகளுக்காகப் பணியாற்றிய ஏசுசபைப் பாதிரியார் அலெக்ஸிஸ் பிரேம்குமார் 2014 ஜூனில் ஹெராத் அருகே கடத்தப்பட்டார். 2015 பிப்ரவரியில் அவர் மீளும் வரை, எட்டு மாதங்களுக்கு மேல், சிவகங்கை மாவட்டத்தில் அவரது குடும்பம் செய்தியை எதிர்பார்த்தே நாட்களைக் கழித்தது. இடம்தான் மாறும்; காத்திருப்பு எல்லா மிஷனரி வீடுகளுக்கும் பொது.

தீர்வு கேரளத்துக்குத் தெரியாததல்ல. 1927இல் எர்ணாகுளம் பகுதியில் வர்கீஸ் பய்யப்பிள்ளி பாதிரியார் தொடங்கிய சகோதரிகள் சபையின் பணியே ஆதரவற்ற முதியோரைப் பேணுவதுதான். அதே கவனத்தைச் சபைகள் தங்கள் உறுப்பினர்களின் பெற்றோர் பக்கமும் திருப்பலாம். வயதான பெற்றோர் உள்ளவரை வீட்டுக்குப் பக்கத்தில் பணியமர்த்துவது, சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்குவது, ஊரில் உள்ள மடம் அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது. 'வேறு ஏற்பாடு' என்று சட்டம் சொல்வதற்கு இவற்றைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டவர்கள் அதைச் சலுகையாக அல்ல, கடனாகச் செய்ய வேண்டும்.