ஒரு கிளை கொடுங்கள், போதும்!

மழைக்காலம் வந்தால் என் மகளுக்குச் சளியும் கூடவே வந்துவிடும். கற்பூரவல்லி இலைக்காக அடிக்கடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட எனக்கே கூச்சமாகிவிட்டது. "இலையாக் கேக்காதே, கிளையா வாங்கிட்டுப் போ!" என்று சிரித்துக்கொண்டே ஒடித்துக் கொடுத்தார் அந்த மாமி.

வந்த வேகத்தில் தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் தண்டு கறுத்து அழுகிவிட்டது. மறுமுறையும் அதே கதி! "எனக்குக் கைராசி இல்லேம்மா" என்று புலம்பினேன். "ராசியாவது, ஒண்ணாவது! வெட்டின காயம் ஆறறதுக்குள்ளே ஈரத்திலே வெச்சா அழுகாம என்ன செய்யும்?" என்றார் அம்மா.

அம்மா சொன்ன முறை இதுதான். பூக்காத கிளையாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே, நாலு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். கணுவில்தான் வேர் சுலபமாகக் கிளம்பும். நுனியில் நாலைந்து இலைகளை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அரைநாள் நிழலில் காயட்டும். அடியில் துளையுள்ள தொட்டியில் மண்ணும் மணலும் சமமாகக் கலந்து, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இரண்டு, மூன்று வாரத்தில் தளிர் விட்டதும் காலை வெயிலில் வைக்கலாம்.

புதினா நேர்மாறு, அதற்குத் தண்ணீர்தான் உயிர். கடையில் வாங்கும் கட்டில் தடித்த தண்டுகளைத் தம்ளர் நீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வேர் விடும். இலைகள் நீரில் மூழ்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும். புதினாவுக்குத் தனித் தொட்டி வேண்டும், பக்கத்துச் செடியை வளரவிடாது. கொத்தமல்லியைத் தண்டு வைத்து வளர்ப்பது கடினம். விதைதான் போட வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. செடி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒருமுறை மூன்று நாள் இலைச்சாறே கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு மேல்மூச்சு வாங்கிய பிறகுதான் டாக்டரிடம் ஓடினேன். நல்லவேளை, பிழைத்தாள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைக்குச் சாறு தருவதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

இப்போது மாடி வீட்டுப் பெண் என் கதவைத் தட்டுகிறாள். இலையோடு ஒரு கிளையும் கொடுத்து, "அரைநாள் காயவிட்டு நடு" என்று சொல்லி அனுப்புகிறேன்.