1,600 ரூபாயும் 51 வாரமும்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் சனிக்கிழமை சாயங்காலம்தான் கணக்குத் தீர்க்கும் நேரம். பனியன் கம்பெனியின் வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் வாடகை, சீட்டு, மளிகைக்கடைப் பாக்கி என்று பிரிந்துவிடும். மகள் நீட் தேர்வை இன்னொரு தடவை எழுதுவதா வேண்டாமா என்பதையும் இங்கே வாரக்கணக்கில் அளப்பதுதான் பொருத்தம்.

2025-இல் விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1,700, ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டிக்கு 1,000. இருப்பதிலேயே சின்னச் செலவு இதுதான்.

மற்றதை உத்தேசமாகப் போட்டுப் பார்ப்போம். அப்பா டெய்லர், ஷிப்ட்டுக்கு 500 ரூபாய். தினம் ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள் என்றால் வாரம் 4,500. கோச்சிங்கும் ஹாஸ்டலும் சேர்த்து 1,35,000 என்று வைத்தால் அது 30 வாரச் சம்பளம். மகள் தினம் ஒரு ஷிப்ட், ஷிப்ட்டுக்கு 350 வீதம் 45 வாரம், துணியில் குறை பார்க்கும் செக்கிங்குக்குப் போயிருந்தால் 94,500 வந்திருக்கும். அது இன்னொரு 21 வாரம். ஆக 51. வருஷத்துக்கே 52 தானே! செக்கிங்குக்கு அனுப்பச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லாமல் பல வீடுகளில் ஓடும் கணக்கு இது.

இத்தனை கொடுத்து வாங்குவது என்ன? தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரிக்கு 4 கூடும், தப்புக்கு 1 குறையும். 130 சரி, 40 தப்பு, 10 விட்டது என்றால் 480. அந்த 40-இல் 20 சரியாகியிருந்தால் கேள்விக்கு 5 வீதம் ஏறி 580. அதாவது, நூறு மதிப்பெண் என்பது இருபது கேள்விதான். ஓபிசி விண்ணப்பக் கட்டணம் 1,600-ஐயும் சேர்த்து மொத்தச் செலவு 2,31,100-ஐ இருபதால் வகுத்தால் ஒரு கேள்வியின் விலை 11,555 ரூபாய்.

பழைய மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாமே என்றால் முடியாது. நீட் மதிப்பெண் அந்த வருஷச் சேர்க்கையோடு காலாவதி. ஜேஇஇ மெயினில் ஜனவரி, ஏப்ரல் இரண்டையும் எழுதி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. ஒரே ஒரு தடவை, 2024-இல், 1,563 பேருக்கு வேறு மாதிரியான வாய்ப்பு கிடைத்தது. நேரம் வீணானதற்குத் தரப்பட்ட கருணை மதிப்பெண் ரத்தானது. அது இல்லாத மதிப்பெண்ணோடு நிற்கலாம், அல்லது ஜூன் 23-இல் மறுபடி எழுதலாம். 813 பேர் எழுதினார்கள். 750 பேர் போகவில்லை. செலவே இல்லாத மறுதேர்வுக்கே ஏறக்குறையப் பாதிப்பேர் போகவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கோச்சிங்காரர்களுக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 2020-21-இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் 71.42 சதவீதம் பேர் ரிப்பீட்டர்கள். இது பெட்டிக்குள் போன பீஸை மட்டும் எண்ணிய கணக்கு. திரும்ப எழுதியும் சீட் கிடைக்காதவர்கள் அதில் இல்லை. செக்கிங்கில் கழிந்ததை எண்ணாமல் எந்தக் கம்பெனியும் லாபம் பார்க்காது.

மதிப்பெண் ஏறினால் ரேங்க் ஏறும் என்றும் இல்லை. 2024-இல் முதலிடம் 720. வினாத்தாள் கடினமாக இருந்த 2025-இல் 686. பொதுப்பிரிவின் தகுதி எல்லையும் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. இன்றைய 580 அடுத்த வருஷம் அதே 580 இல்லை.

இடம் எத்தனை என்றும் பார்க்க வேண்டும். 2022-இல் தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் 100 இடம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போக 85. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அதில் ஆறைத் தாண்டினால் அதிகம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மாநிலம் முழுதும் அந்த வரிசை தனி. அங்கே இருபது கேள்விக்கு மதிப்பு வேறு.

ஆகவே முதல் வேலை, மின்னஞ்சலில் வரும் ஓஎம்ஆர் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து அந்த 40 தப்பையும் பிரிப்பது. தெரிந்தும் தவறியது எத்தனை, படிக்காமல் குருட்டாம்போக்கில் வட்டமிட்டது எத்தனை? பெரும்பாலும் முதல் வகை என்றால் வீட்டிலிருந்தே படிக்கலாம். 30 வாரம் அடிபட்டு, கேள்வியின் விலை 4,805-க்கு இறங்கும்.