மிளகு மணக்கும் ஒயின்

ஒயின் போத்தலின் பின்புறம் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? பிளாக்கரண்ட், வயலட் பூ, சீடார் மரம் என்று அடுக்கியிருப்பார்கள். இவற்றில் எதைத் தேக்காவில் வாங்கி முகர்ந்திருக்கிறோம்?

வானொலியில் பேசும் எனக்கு இது தொழில் சார்ந்த கேள்வி. காதால் மட்டும் கேட்பவருக்கு ஒரு சுவையைச் சொல்ல வேண்டுமென்றால், அவர் நாவு ஏற்கெனவே அறிந்த ஒன்றை வைத்துத்தான் சொல்ல முடியும். நண்பர் வீட்டில் ஆறு பேர் சேர்ந்து ‘மவுண்ட் எடல்ஸ்டோன்’ என்ற சிவப்பு ஒயினைச் சுவைத்தபோது அதை முயன்று பார்த்தேன். குறிப்பைப் படிக்காமல், தமிழில் மட்டும்.

ஒரே தோட்டத்துப் பழம்

தென் ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் 1912ல் நடப்பட்ட தோட்டம் அது. ஹென்ஷ்கி குடும்பத்தார் 1952ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தோட்டத்தின் பெயரிலேயே ஒயின் தயாரிக்கின்றனர். பல தோட்டத்துப் பழங்களைக் கலந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். ஒற்றைத் தோட்ட ஒயினில் அதற்கு வழியில்லை. அந்த மண்ணும், அந்த ஆண்டின் மழையும் வெயிலும்தான் சுவையைத் தீர்மானிக்கும்.

திராட்சை வகை சிரா. ஆஸ்திரேலியர்கள் ஷிராஸ் என்பார்கள். ஈரானிய நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால், அதன் பெற்றோர் இரண்டுமே பிரெஞ்சு வகைகள் என்று மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

முதலில் மூக்கு

கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்ததும் மனத்தில் வந்த சொல், மிளகு. ரசத்துக்கு அப்போதுதான் தட்டிய மிளகு.

இது வெறும் உவமை அல்ல. ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் ஷிராஸுக்கு மிளகு மணம் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ல் வெளியிட்டனர். நம் அஞ்சறைப் பெட்டி மிளகிலும் இருப்பது அதே பொருள். அந்த ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணமே தெரியவில்லை. எங்களில் ஒருவரும் “மிளகா? எங்கே?” என்றார். அவர் மூக்கைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

பிறகு நாக்கு

வாயில் வைத்ததும் நன்கு பழுத்த நாவற்பழம். அடுத்து மெல்லிய புளிப்பு. கடைசியில் ஈறும் நாக்கும் இறுகும் உணர்வு. ஒயின் அறிந்தவர்கள் டானின் என்று நீட்டி விளக்குவது இதைத்தான். நமக்கு விளக்கமே தேவையில்லை. அறுசுவையில் ஒன்றாக எண்ணி வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. தேயிலை அதிகம் ஊறிப்போன தே ஓவில் இருப்பதும் அதுதான்.

விழுங்கிய பிறகு கிராம்பு வாசம் தங்கியது. ஒயின் ஊறும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருவது அது. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் ஓக் மரத்திலும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் கற்பூரவள்ளி இலையைக் கசக்கியதுபோல் ஒரு பச்சை வாசனை.

‘மதுவைப் பற்றி எழுத வேண்டுமா’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கள்ளும் சம்சுவும் தோட்டப்புறக் குடும்பங்களை என்ன செய்தன என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். குடிக்காதவர் தொடங்க இது காரணமாக வேண்டாம். சுவைப்பதற்கு இரண்டு வாய் போதும். தொழில்முறைச் சுவைஞர்கள் அதையும் துப்பிவிடுவார்கள்.

சுவைப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள். நம் ஊர் வெப்பத்தில் சிவப்பு ஒயினை அப்படியே ஊற்றினால் மதுநெடிதான் முன்னால் நிற்கும். இருபது நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உடன் உண்ண, காரம் குறைந்த ஆட்டிறைச்சிப் பிரட்டல் பொருந்தும். சம்பால் வேண்டாம், மது காரத்தை இன்னும் எரியவைக்கும்.

போத்தல் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். அதில் பிளாக்பெர்ரி என்று இருந்து, நீங்கள் நாவற்பழம் என்று சொல்லியிருந்தால், திருத்திக்கொள்ள வேண்டாம்.