தேவாலயம் இருக்கிறது, ஊர் எங்கே?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக்குத் தென்மேற்கே, பத்து மைலுக்குள் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. அதன் பெயர் விம்போல் ஹால். செக்கச் சிவந்த செங்கல் கட்டடம். மாளிகையை ஒட்டி ஒரு தேவாலயம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி.

தேவாலயம் இருந்தால் பக்கத்தில் ஊர் இருக்க வேண்டும் அல்லவா? புல்தான் இருக்கிறது!

ஒரு காலத்தில் அங்கே ஊர் இருந்தது. 1638-ம் ஆண்டில் வரைந்த நிலப்படத்தில் வீடுகளும் வயல்களும் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் தாமஸ் சிச்சிலி என்ற செல்வந்தர் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அவருக்கும், பின்னால் வந்த பிரபுக்களுக்கும், ஜன்னலைத் திறந்தால் பச்சைப்பசேல் என்று தெரிய வேண்டும். குடியானவர்களின் வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன. தேவாலயம் மட்டும் தப்பியது.

தோட்டத்தில் சீமான்கள் என்ன கட்டினார்கள் தெரியுமா? ஒரு பாழடைந்த கோட்டை! பழைய கோட்டை அல்ல. இடிந்தது போலவே 1770 வாக்கில் புதிதாகக் கட்டிய கோட்டை. தூரத்தில் குட்டிச்சுவர் தெரிந்தால் தோட்டத்துக்கு அழகாம். பணம் இருந்தால் இப்படியும் ஆசை வரும்!

தொழுவத்துக்கு ஒரு சிற்பி

மூன்றாம் ஹார்ட்விக் பிரபுவுக்கு விவசாயத்தில் பைத்தியம். பண்ணைக்குப் படம் போட அவர் யாரை அழைத்தார்? லண்டனில் 'பாங்க் ஆப் இங்கிலாந்து' கட்டடத்தைக் கட்டிய ஜான் சோனை! 1790-களில் எழுந்த அந்தப் பண்ணை இன்றும் நடக்கிறது. கூரை வேய்ந்த பெரிய களஞ்சியமும் நிற்கிறது.

குழந்தைகள் மொய்ப்பது இங்கேதான். வளைந்த நீளக் கொம்பு மாடுகள். செம்பட்டை நிற டாம்வொர்த் பன்றிகள். ஒரு டன் எடை வரை வளரும் ஷையர் குதிரைகள். டிராக்டர் வருவதற்கு முன்பு ஏர் இழுத்த இனம் அது.

இவற்றை வேடிக்கைக்காக வளர்க்கவில்லை. லாபம் குறைவு என்று விவசாயிகள் கைவிட்டதால், 1900 முதல் 1973 வரை பிரிட்டனில் 26 கால்நடை இனங்கள் பூண்டோடு அழிந்தன. மிச்சம் இருப்பவற்றில் சில இங்கே பிழைத்திருக்கின்றன.

எழுத்தாளரின் மகள்

மாளிகையின் கடைசிச் சொந்தக்காரர் எல்சி பாம்பிரிட்ஜ். பம்பாயில் பிறந்து, 'ஜங்கிள் புக்' எழுதினாரே ருட்யார்ட் கிப்ளிங், அவருடைய மகள். எல்சியின் அக்காள் சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். தம்பி 1915-ல் போர்க்களத்தில் மாண்டான்.

1938-ல் எல்சியும் அவர் கணவரும் மாளிகையை விலைக்கு வாங்கினார்கள். அப்போது அது சாமான் சட்டு இல்லாத வெறும் வீடு. 1943-ல் கணவர் காலமானார். குழந்தைகள் இல்லை. தந்தையின் புத்தகங்களில் வந்த பணத்தைக் கொண்டு எல்சி வீட்டைப் பழுதுபார்த்தார். நாற்காலியும் படங்களும் தேடித் தேடி வாங்கினார். 1976-ல் அவர் இறந்தபோது, மாளிகையையும் தோட்டத்தையும் பண்ணையையும் 'நேஷனல் டிரஸ்ட்' என்ற பொது அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார்.

இப்போது டிக்கெட் வாங்கி யாரும் உள்ளே போகலாம். போகிறவர்கள் சாயங்காலம் வரை இருக்க வேண்டும். வெயில் சாயும்போது புல்வெளியில் வரி வரியாக மேடும் பள்ளமும் தெரியும். பழைய ஊர்க்காரர்கள் உழுத தடம் அது. பூங்காவாகிவிட்டதால் பின்னால் அங்கே கலப்பை படவில்லை. அதனால் அழியாமல் இருக்கிறது. அதன்மேல் ஆடுகள் மேய்கின்றன.