காற்று போட்ட கோடு

கயத்தாறு என்றால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அங்கே ஒரு விமான ஓடுபாதையும் இருப்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டது. போர் முடிந்ததும் கைவிடப்பட்டது. நம் ராஜபாளையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 60 கி.மீ.

ஓடுபாதையை இடம் கிடைத்த வாக்கில் போட்டுவிட முடியாது. அதன் திசையைக் காற்றுதான் முடிவு செய்யும். விமானத்தை மேலே தூக்குவது தரையில் அது ஓடும் வேகமல்ல. இறக்கைமீது பாயும் காற்றின் வேகம். அது மணிக்கு 100 கி.மீ. தேவைப்படும் ஒரு சிறு விமானம், 30 கி.மீ. எதிர்காற்றில் 70ஐத் தொட்டதுமே எழும்பிவிடும். ஓடும் தூரம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாதித் தூரம் போதும்! அதே காற்று முதுகில் அடித்தால் 130 வேண்டும், தூரம் 1.7 மடங்காகிவிடும். பட்டம் ஏற்றும் பையன் காற்றை எதிர்த்து ஓடுவதும் இதே கணக்கில்தான்.

ஓடுபாதை முனைகளில் எழுதியிருக்கும் எண்கள் திசைகாட்டியின் பாகைகள், கடைசி இலக்கம் இல்லாமல். மதுரையில் 09, 27: கிழக்கு, மேற்கு. கோவையில் 05, 23. அந்த 23 காட்டும் தென்மேற்கிலிருந்துதான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிறது. நம் பக்கத்துக்குச் செங்கோட்டைக் கணவாய். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அதன் வழியே புகும் காற்று கயத்தாறு வரை சீறும். இன்று அங்கே காற்றாலைகள் நிற்கின்றன; அவற்றைச் சோதிக்கும் அரசு நிலையமும் உண்டு. ராஜபாளையத்திலோ மேற்கே மலை சுவராக நிற்கிறது. அதைத் தாண்டி விழும் காற்று சுழன்று புரளும். விமானிகளுக்குப் பிடிக்காத காற்று அது.

திசைகாட்டியிலும் ஒரு விந்தை. உலகின் பெரும்பாலான இடங்களில் காந்தமுள் வடக்கைக் காட்டுவதோடு தரையை நோக்கியும் சாயப் பார்க்கும். விமானம் திரும்பும்போது அதனால் தவறு காட்டும். பூமியின் இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால், இங்கே முள் கிட்டத்தட்ட மட்டமாகவே கிடக்கும்.

ஓடுபாதைக்குத் தரை மட்டுமல்ல, வானமும் வேண்டும். பெரிய ஓடுபாதையின் முனையிலிருந்து 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று உயரும் ஒரு கற்பனைச் சரிவை எதுவும் முட்டக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அதற்கு நேரே ஓடுபாதை போடுவதானால் 3 கி.மீ. தள்ளித்தான் போட வேண்டும். ஆண்டாள் ஊரின் வானத்தில் கோபுரத்துக்குத்தான் முதல் உரிமை, அது நியாயமும்கூட.

அடுத்தது மண். கரிசல் மழையில் வீங்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் களித்துகள்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருப்பதால், இடுக்குகளில் நீர் புகுந்து விரிக்கிறது. அப்படிப்பட்ட மண்ணைத் தோண்டியெடுத்து, சரளை கொட்டி, உருளையால் இறுக்கியாக வேண்டும். நடுவே லேசாக மேடு வைப்பார்கள். 30 மீட்டர் அகலப் பாதையில் அந்த மேடு ஒரு சாண்தான். மழைநீர் வடிய அது போதும்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தரை, விமானம் போன பிறகும் உழைக்கும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தபின்தான் அதற்கு ஓய்வு கிடைத்தது.