படகு மோட்டாருக்கு எந்த புரொப்பல்லர்? மணப்பாறை சந்தையில் இருக்கு பதில்!

ரேக்ளா காளையைப் பாரவண்டியில் பூட்டினால் என்ன ஆகும்? மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் யாரும் சொல்லிடுவாங்க. கடலே இல்லாத ஊரின் இந்தப் பாடம், கன்னியாகுமரி மாவட்டத்து அவுட்போர்டு வள்ளங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

“9.9 குதிரைத்திறன் மோட்டார்தானே, எந்த புரொப்பல்லர் மாட்டினா என்ன?” என்று நினைத்தால், அங்கேதான் எரிபொருள் காசு கரைகிறது.

புரொப்பல்லரில் இரண்டு முக்கியமான எண்கள். முதலாவது விட்டம். இரண்டாவது ‘பிட்ச்’. மரத்தில் திருகு இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறணும் என்ற கணக்கு. ஆனால் தண்ணீர் மரமில்லையே, வழுக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் 2:1, பிட்ச் 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டுக் கணக்குப்படி மணிக்குச் சுமார் 38 கி.மீ. வேகம் வரணும். வலை, ஐஸ், நாலு ஆள், மீன் எல்லாம் ஏற்றிய வள்ளம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. பாரம் இழுக்கும் படகுக்கு பிட்ச் குறைவாகவும், மோட்டாரில் இடம் இருக்கும்வரை விட்டம் பெரிதாகவும் இருப்பதே நல்லது.

சரியா என்று எப்படித் தெரிஞ்சுக்கறது? வழக்கமான சுமையை ஏற்றி, முழு த்ராட்டில் கொடுத்து, டேக்கோமீட்டரைப் பாருங்க. மோட்டார் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான சுற்று அளவு இருக்கும். அதை எட்டவில்லையா? பிட்ச் அதிகம், இன்ஜின் திணறும், கரி படியும், எண்ணெய் குடிக்கும். தாண்டிப் போகிறதா? பிட்ச் குறைவு, இன்ஜின் தேய்மானம் கூடும். ஒரு அங்குல பிட்ச் மாற்றினால் தோராயமாக 200 சுற்று மாறும். வெறும் படகில் சோதிப்பது வீண் வேலை.

ஸ்டீல் நீடிக்கும், ஆனால் விலை அதிகம். பாறையில் மோதினால் அலுமினிய இதழ் வளைந்தோ உடைந்தோ போகும். பல நேரம் கியர் தப்பிக்கும். கரையோர வேலைக்கு அதுவே லாபம்.

இன்னொன்று. சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2012-ல் வெளியிட்ட கையேடு, வேகத்தைக் குறைப்பதற்கே முதலிடம் தருகிறது. எந்த புரொப்பல்லரும் அதற்கு ஈடாகாது.

காவிரி, கொள்ளிடத்தில் ஓடும் வெள்ள மீட்புப் படகுக்கும் இதே விதிதான். போகும்போது இரண்டு பேர், திரும்பும்போது படகு நிறைய ஆட்கள், எதிரே நீரோட்டம். புரொப்பல்லரைத் தேர்வு செய்ய வேண்டியது அந்தத் திரும்பும் பயணத்துக்குத்தான்.