ஒரு ராத்திரி காயணும்... அப்போதான் ‘குதிக்கும்’! ஜெர்மனியின் அச்சு குக்கீஸ் ரகசியம்

டிசம்பர் வந்தா ரீல்ஸ்ல வெள்ளை வெளேர்னு, மேல பூ, குதிரை, தேவதைனு செதுக்கின மாதிரி சில குக்கீஸ் சுத்தும். ஏதோ ஷோகேஸ் பொம்மைனு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணியிருப்பீங்க. சாப்பிடுற அயிட்டம்தாங்க அது! பேரு ஸ்ப்ரிங்கர்லே. தெற்கு ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்டைச் சுத்தியிருக்கிற ஸ்வாபியா பகுதியின் கிறிஸ்துமஸ் பலகாரம்.

நம்ம அச்சு முறுக்குல அச்சு எண்ணெய்க்குள்ள இறங்கும். இங்கே மரத்துல செதுக்கின அச்சை மாவு மேல அழுத்துவாங்க. பெரும்பாலும் பேரி மரம். அதோட இழை ரொம்ப நெருக்கம்ங்கிறதால குதிரையோட பிடரி முடிகூட தெளிவா விழும். 14-ம் நூற்றாண்டு அச்செல்லாம் இன்னும் இருக்கு. ஆரம்பத்துல பைபிள் காட்சிகள்தான் அதிகம். அப்புறம் குதிரைவீரன், காதல் ஜோடி எல்லாம் வந்து சேர்ந்தாங்க.

4 முட்டை, அரை கிலோ பொடிச்ச சர்க்கரை, அரை கிலோ மைதா. வெண்ணெய் கிடையாது. முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடிக்கிறதுதான் பெரிய வேலை. மிக்ஸர் இல்லாத காலத்துல ஒரு மணி நேரம்கூட கையாலயே அடிப்பாங்களாம். வீட்டுல ஆள் இருந்தாதான் நடக்கும்! கடைசியா கத்தி முனையளவு மான்கொம்பு உப்பு. ஒரு காலத்துல நிஜமாவே மான்கொம்புல இருந்து எடுத்ததால அந்தப் பேரு. இப்போ கிடைக்கிறது அமோனியம் கார்பனேட். சூடுபட்டதும் வாயுவா மாறி மாவை உப்ப வைக்கும். வேகும்போது அடுப்பு பக்கம் மூக்கைக் கொண்டுபோகாதீங்க, நெடி தூக்கும்.

மாவை ஒரு செ.மீ கனத்துக்குத் தேய்ச்சு, அச்சுல லேசா மாவு தடவி, ஒரே அழுத்து. இங்கேதான் பாட்டி வேணும். எவ்வளவு மாவுனு எழுதி வைக்கலாம், எவ்வளவு அழுத்தணும்னு எழுதி வைக்க முடியாதே! குறைஞ்சா முகம் விழாது, கூடினா மாவு அச்சுலயே ஒட்டிக்கும். பேரன் பேத்திங்களுக்கு சுலபமான டிபார்ட்மென்ட்: ட்ரேல அனிஸ் விதை தூவுறது. வாசனை நம்ம சோம்பு மாதிரியே இருக்கும், ஆனா வேற செடி.

இப்போ அடுப்புல வைக்கலாமா? கூடாது. 24 மணி நேரம் அப்படியே காயணும். பல பேர் சொதப்புறது இங்கேதான். காய்ஞ்சா மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகும், அடிப்பக்கம் ஈரமா இருக்கும். 150 டிகிரிக்கும் கம்மியான சூட்டுல வாயு விரியும்போது இறுகின மேல்பக்கம் நீளாது. அதனால மென்மையான அடிப்பாகம் மட்டும் எழும்பி, படத்தை மூடி மாதிரி அப்படியே தூக்கும். அடியில தெரியுற அந்தப் பீடத்தை ‘குட்டிப் பாதம்’னு சொல்றாங்க. ‘குதிக்கிறது’ங்கிற அர்த்தமுள்ள சொல்லுல இருந்து பேரு வந்ததுக்கு இதையும் ஒரு காரணமா சொல்வாங்க. அவசரப்பட்டு அன்னிக்கே சுட்டா மேல்பக்கம் உப்பி, குதிரை கொழுக்கட்டை ஆயிடும். ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சிருந்தா சாய்ஞ்சு நிக்கும்.

சுட்டதும் கடிச்சிடாதீங்க, கல்லு மாதிரி இருக்கும். தகர டப்பாவுல போட்டு, கூடவே ஒரு துண்டு ஆப்பிள் வெச்சு ரெண்டு மூணு வாரம் விட்டாதான் உள்ளே மெத்துனு ஆகும். அதனாலதான் நவம்பர் கடைசியிலயே அங்கே வேலை ஆரம்பிச்சிடுது. ஆப்பிளை அப்பப்போ மாத்தணும், இல்லைன்னா பூஞ்சை பிடிச்சிடும். அச்சைத் தண்ணியில ஊற வைக்கவே கூடாது, மரம் வெடிச்சிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுத்து வெச்சாப் போதும், அடுத்த டிசம்பருக்கு ரெடி.